இடம் மாறாத குறை

வலை என்றதும் நூலையும் கண்ணையும் நினைப்பதே உலக வழக்கு. வலையை வலையாக்குவது அதன் விளிம்பிற் கோக்கப்பட்ட ஈயக் குண்டே என்பதை வீச்சுவலையைத் தோளிலிட்டு நீரில் இறங்கியவனே அறிவான். நைலோன் நூல் நீரைவிடச் சிறிதளவே கனமானது. குண்டில்லாத வலை நீரின் மேல் சோம்பிக் கிடந்து, மீனுக்கு வழிவிட்டு, மெல்லத்தான் அமிழும். ஈயமோ நீரினும் 11 மடங்குக்கு மேற் கனமானது. இரும்பு 8 மடங்கை எட்டாதது. ஆகவே சிறிய உருவில் பெரிய கனத்தைத் தருவதற்கு, ஏழைக்கு எட்டும் விலையில், ஈயத்தை விஞ்சியது இல்லை. வட்டமாக விரிந்த வலை வட்டம் குலையாமல் அடியைத் தொடவேண்டுமெனின், விளிம்பிலுள்ள குண்டுகள் யாவும் ஒரே நிறையினவாக, ஒரே வேகத்தில் இறங்கவேண்டும். ஒரு பக்கம் நிறை குறைந்தால் அப்பக்கம் வலை தூக்கி நிற்கும். மீனுக்கு அவ்வளவு வாசல் போதும்.

குண்டு என்னும் சொல் கிழக்கிலங்கையில் இரு பொருள் தாங்கியது. 1983 இல் மூண்டு 2009 இல் முடிந்த போரின் காலத்தில், அச்சொல்லைக் கேட்டு மீனை நினைத்தவர் குறைவு. ஆயினும் கல்முனைக் கரையின் வலைஞர் குடிகளில் அச்சொல் தன் பழைய பொருளை இழந்துவிடவில்லை. "குண்டு ஊத்துறாங்க" என்று அங்கு ஒருவர் கூறினால், ஒரு சட்டியும் ஓர் அகப்பையும் ஓர் அச்சும் ஒரு மாலைப்பொழுதும் என்றே பொருள்.

கல்முனைக்குடியில், நாகூர் ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறும் கடற்கரைப் பள்ளிவாசலுக்கு அப்பால் உள்ள ஒழுங்கையொன்றில் அத்தகைய மாலைப்பொழுது ஒன்று பெருந்துயரில் முடிந்தது. குண்டு வார்த்தவர் இளைஞர், அவ்வீட்டின் மருமகன். இக்கரையின் முஸ்லிம் ஊர்களில் மணமகன் மனைவியின் வீட்டிற்கே குடிவருவது வழக்கம். வீடு பெண்ணுக்குரியது, வந்தவன் தன் உழைப்பால் அதில் இடம் பெறவேண்டியவன். மாமனார் அறுபதைக் கடந்த வலைஞர். வலை பின்னுவதிலும் பொத்துவதிலும் கைதேர்ந்தவர். அவருடைய பழைய குண்டச்சு, அவருடைய தகப்பனார் கையிலிருந்து வந்தது, 2004 டிசம்பர் 26 ஆம் திகதிக் காலையில் வீட்டோடு கடலிற் போயிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்ற கடல் அது. உயிர்களை இழந்த ஊரில் ஓர் அச்சு போனதைப் பற்றி எவரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அதன் பின்னர் குண்டுகளைக் கடையிலேயே வாங்கி வந்தார்.

கடைக் குண்டின் விலை வலையின் இலாபத்தை விழுங்குவதைக் கண்ட மருமகன், புதிய அச்சொன்று செய்விக்க முடிவு செய்தார். மனைவியின் காப்பு அடகிற் போயிற்று. கடைச்சற் பட்டறையொன்றில் அலுமினியத்தில் அச்சு உருவாயிற்று: புத்தகம்போல் மூடித் திறக்கும் இரு பாதிகள், பாதிகளை நேர்நிறுத்த இரு முனைகளிலும் ஊசிகள், உள்ளே பத்துக் குழிகள், மேலே ஈயம் ஓடும் வாய்க்கால், நூல் கோக்கும் துளைக்காக ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஓர் உருக்குக் கம்பி. ஒரு வார்ப்பில் பத்துக் குண்டுகள்; ஒவ்வொன்றும் 12 கிராம். 3 மீற்றர் ஆரையுள்ள வலையின் விளிம்பு ஏறத்தாழ 19 மீற்றர். 6 சதமமீற்றருக்கு ஒன்றாக 300 இற்கு மேற்பட்ட குண்டுகள் அதற்கு வேண்டும். நான்கு வலைகளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. மாரி தொடங்கி ஓடைகளும் வயல் வாய்க்கால்களும் நிரம்புமுன் அவை முடியவேண்டும். எனவே அந்த அச்சின்மேல் இருந்தது ஈயம் மட்டுமன்று. காப்பும் வாக்கும் மருமகன் என்ற பெயரும் இருந்தன.

முதல் மாலையில் இருபது வார்ப்புகள். இருநூறு குண்டுகளில் பாதிகூடத் தேறவில்லை. சில, கிழவன் முகம்போற் சுருங்கியிருந்தன. சிலவற்றின் ஓரத்தில், இரு பாதிகளும் கூடும் கோட்டில், மீன் செட்டைபோல் மெல்லிய தகடு நீண்டிருந்தது. சிலவற்றின் நுனி நிரம்பவில்லை. சிலவற்றின் தலையில் குழி விழுந்திருந்தது. தகடு நீண்ட குண்டு வலை நூலை அறுக்கும். சுருங்கிய குண்டில் நூல் சிக்கும். நுனி குறைந்தது நிறை குறையும். நகைக்கடைத் தராசொன்றை இரவல் வாங்கி நிறுத்தபோது, 9 கிராம் முதல் 13 கிராம் வரை ஆளுக்கொரு நிறையாய் நின்றன.

குறை கண்ட இளைஞர் முதலில் ஈயத்தின்மேற் பழி போட்டார். இரும்புக் கடையில் வாங்கிய பழைய ஈயம் அழுக்கென்றார். அடுத்துச் சூட்டின்மேற் பழி போட்டு நெருப்பைக் கூட்டினார். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகுவது. அதற்குமேல் ஓரளவு சூடு வேண்டும். அளவு மீறினால் மேற்பரப்பில் மஞ்சளும் நீலமுமாக நிறங்கள் ஓடிக் கசடு பெருகும். மிகுந்த சூட்டில் இளகிய ஈயம் மயிரிழைச் சந்திலும் புகுந்தது. செட்டைகள் முன்னிலும் நீண்டன. பழைய பற்றரித் தகடுகளைக் கலந்தால் ஈயம் நன்றாக ஓடும் என்று அயலவர் ஒருவர் கூறினார். மாமனார் அதனை மட்டும் உடனே தடுத்தார். அமிலம் குடித்த தகட்டை இவ்வீட்டு அடுப்பில் ஏற்றலாகாது என்பது அவர் கட்டளை. இறுதியில் இளைஞர் பட்டறைக்காரர்மேற் பழி போட்டார். மறுநாட் காலை அச்சைத் திருப்பி எறிந்து காசைக் கேட்பதென்று முடிவாயிற்று.

குண்டுகள் யாவும் ஒரே தாச்சியிற் குவிந்து கிடந்தன. அவற்றுள் ஒன்றை எடுத்துப் பார்த்த மாமனார் ஒரு கேள்வி கேட்டார்:

"இது எத்தனையாவது குழியில விழுந்த குண்டு, மருமகன்?"

"அது எப்படி மாமா தெரியும்? எல்லாம் ஒண்டாத்தானே கொட்டின."

"அப்ப பட்டறைக்காரர்ட்டப் போய் என்னத்தச் சொல்லப் போறீங்க?"

இக்கேள்விக்கு விடை இல்லை. அன்றிரவு மீண்டும் சட்டி ஏறியது. இம்முறை பத்துச் சிரட்டைகள் வரிசையாக வைக்கப்பட்டன. ஒன்று முதல் பத்து வரை கரியால் எண் இடப்பட்டது. முதல் ஐந்து வார்ப்புகள் தனியே ஒரு தட்டில். அதன் பின் வந்த பதினைந்து வார்ப்புகளிலும், முதலாம் குழியிற் பிறந்தது முதலாம் சிரட்டைக்கு, பத்தாம் குழியிற் பிறந்தது பத்தாம் சிரட்டைக்கு. வேலை இரு மடங்கு நேரம் கொண்டது. ஆயின் நள்ளிரவுக்குள் இருநூறு குண்டுகளும் வாய் திறந்து பேசத் தொடங்கின.

நான்காம் சிரட்டையில் இருந்த பதினைந்தும் நுனி நிரம்பாதவை, ஒன்றுகூடத் தப்பவில்லை. ஏழாம் சிரட்டையில் மெல்லத் தொடங்கிய செட்டை, எட்டிலும் ஒன்பதிலும் வளர்ந்து, பத்தில் நகத்தளவு நீண்டது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு ஆகிய சிரட்டைகளில் குறை அங்கொன்றும் இங்கொன்றுமாகவே காணப்பட்டது. அதுவும் பெரும்பாலும் தலைக்குழி. தனித்தட்டில் இருந்த முதல் ஐந்து வார்ப்புகளோ, குழி வேறுபாடின்றி, அனைத்தும் சுருங்கியவை.

மாமனார் தம் வாழ்நாள் அறிவை இரண்டு வாக்கியங்களிற் கூறினார்: "ஒரே இடத்தில திரும்பத் திரும்ப வாற குத்தம் அச்சிட குத்தம். இடம் மாறி மாறி வாற குத்தம் நம்மட கையிட குத்தம்."

பல்கலைக்கழகங்களிற் புள்ளிவிபரவியல் என்ற பெயரிற் கற்பிக்கப்படுவதன் ஒரு கூறு இவ்வாக்கியங்களுள் அடங்கியுள்ளது. ஓர் உற்பத்தியில் நேரும் வழுக்கள் இருவகை: காரணமொன்றோடு கட்டுண்டு நிலைத்து நிற்பவை ஒருவகை; செயலின் ஏற்றத்தாழ்வால் அலைபவை மற்றொருவகை. 1920களில் அமெரிக்கத் தொலைபேசித் தொழிலகங்களின் உற்பத்தித் தரத்தை ஆராய்ந்த வோல்ற்றர் ஷுவார்ட், இவ்வேறுபாட்டைக் காட்டுதற்கென்றே 1924 இல் தரக்கட்டுப்பாட்டு வரைபை வகுத்தார். இருவகையையும் ஒன்றாகக் கொட்டி வைத்தவன் எதையும் அறியான் என்பதே அவர் கொள்கையின் அடிப்படை. அவ்வுண்மை கரியெழுத்துச் சிரட்டைகளிலும் விளங்கும்; வரைபுத்தாளிலும் விளங்கும்.

ஈயத்தை அச்சில் வார்த்த எல்லாரும் இவ்விடர்களைக் கடந்தே வந்தனர். உரோமரின் படைகள் கவணில் வைத்தெறிந்த ஈயக் குண்டுகள் அச்சில் வார்க்கப்பட்டவை. வாய்வழி மருந்து நிரப்பும் துப்பாக்கிகளின் காலத்தில், குழாயின் அளவு துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபட்டமையால், துப்பாக்கியோடு அதற்கே உரிய இடுக்கி வடிவான சன்ன அச்சும் விற்கப்படுவதுண்டு. வேட்டைக்காரன் தன் அடுப்பிலேயே தன் சன்னத்தை வார்த்தான். புதிய அச்சின் எண்ணெய்ப் பற்று, குளிர்ந்த அச்சிற் சுருங்கும் ஈயம், பாதிகள் பொருந்தாமல் நீளும் செட்டை என்பனவே அவனுடைய முறைப்பாடுகளும். அச்சின் தொல்லையையே வேண்டாமென்று விட்டவர் பிறிஸ்ரல் நகரத்து வில்லியம் வாட்ஸ். உருகிய ஈயத்தை உயரத்திலிருந்து சல்லடை வழியே விழவிட்டால், விழும் துளி தானே உருண்டையாகி, கீழுள்ள நீரில் இறுகும் என்று கண்டு, 1782 இல் அவர் காப்புரிமை பெற்றார். ஆயின் அம்முறை சிறு இரவைகளுக்கே பொருந்தியது. துளையும் வடிவும் வேண்டிய பொருளுக்கு அச்சையன்றி வழியில்லை.

ஈயம் கொல்வதற்கு மட்டும் வார்க்கப்படவில்லை, எழுதுதற்கும் வார்க்கப்பட்டது. தமிழ் கற்போர் மறக்கலாகாத நிகழ்ச்சியொன்று தரங்கம்பாடியில் நடந்தது. சீகன்பால்கு பாதிரியாருக்காக ஜேர்மனியின் ஹல்லே நகரில் வார்க்கப்பட்ட தமிழெழுத்துக்கள் 1713 இல் வந்து சேர்ந்தன. தமிழ்நாட்டைக் காணாத கைகள் வெட்டிய அவ்வெழுத்துக்கள் அளவுக்கு மீறிப் பெரியவை. தாள் அரிதாயிருந்த ஊரில், அவ்வெழுத்தால் ஒரு பெருநூலை அச்சிட்டு முடித்தல் இயலாதெனக் கண்டனர். எழுத்தைக் குறைகூறி அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்கள் புதிதாக வார்க்கப்பட்டன; புதிய ஏற்பாட்டின் அச்சு 1715 இல் நிறைவெய்தியது. அவ்வெழுத்துக்கு வேண்டிய ஈயம், இங்கிலாந்திலிருந்து வந்த பாற்கட்டிகளின் ஈய உறைகளை உருக்கிப் பெறப்பட்டதென்று ஒரு செய்தி வழங்குகிறது. அங்கும் குறை ஈயத்தில் இல்லை. ஒவ்வோர் எழுத்திலும் மாறாது நின்ற குறை, அளவின் குறை. அதன் இடம் தெரிந்தமையால் அது திருந்தியது.

எழுத்து வார்ப்போர் தனி ஈயத்தைப் பயன்படுத்துவதில்லை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. தனி ஈயம் இறுகும்போது தன் கனவளவில் ஏறத்தாழ 3½ வீதம் சுருங்கும். அந்திமனி கலந்தால் வன்மை ஏறிச் சுருக்கம் குறையும். வெள்ளீயம் கலந்தால் உருகிய உலோகம் நுண்ணிய மூலைகளிலும் புகும். எழுத்தின் கூர் நிலைப்பதற்கு அக்கலவை வேண்டும். வலைக் குண்டுக்கு அது வேண்டியதில்லை. வெள்ளீயத்தின் விலை வலைஞனுக்குக் கட்டுப்படியாவதுமில்லை. எனவே சுருங்கும் ஈயத்தின் இயல்பை ஏற்று, அதற்கேற்பக் கையைத் திருத்திக்கொள்வதே அவன் வழி.

மறுநாட் காலை இருவரும் பட்டறைக்குச் சென்றனர். காசைத் திருப்பிக் கேட்கும் சொல் எழவில்லை. நான்காம் சிரட்டையும் பத்தாம் சிரட்டையும் மேசையில் வைக்கப்பட்டன. பட்டறைக்காரர் சிறிது நேரம் பார்த்தார், வாதாடவில்லை. மண்ணெண்ணெய் விளக்கொன்றின் புகையில் அச்சின் ஒரு பாதியைக் காட்டிக் கரி படரச் செய்தார். பின் மற்றப் பாதியோடு மூடித் திறந்தார். இரு முகங்களும் நன்கு பொருந்தின், கரி எங்கும் ஒட்டவேண்டும். பத்தாம் குழியின் அருகில், நேர்நிறுத்தும் ஊசியின் அடியில், ஒரு புள்ளியில் மட்டும் கரி ஒட்டியிருந்தது. துளையிட்டபோது எழுந்த பிசிறொன்று அரிசி நொய்யளவு மேடாக நின்று, அம்முனையை மூடவிடாது தடுத்திருந்தது. எண்ணெய்க்கல்லால் அதனைத் தேய்த்தெடுக்கச் சில நிமிடங்களே சென்றன. மீண்டும் கரி காட்டியபோது முகம் முழுவதும் ஒட்டியது.

நான்காம் குழியின் நோய் வேறு. ஈயம் மேலிருந்து இறங்கும்போது குழியிலிருந்த காற்று வெளியேறவேண்டும். ஏனைய குழிகளில் வெட்டுளியின் தடங்கள் மெல்லிய கீறல்களாய் நின்று காற்றுக்கு வழிவிட்டன. நான்காம் குழியை மட்டும் பட்டறைக்காரர், முதல் வேலையில் நேர்ந்த ஒரு வடுவை மறைக்க, மினுக்கி வழவழப்பாக்கியிருந்தார். அழகுபடுத்திய குழியிற் காற்று சிறைப்பட்டது. குழியின் நுனியிலிருந்து அச்சின் வெளியோரம் வரை மயிரிழைக் கீறல்கள் இரண்டு இடப்பட்டன. அவ்வளவு நுண்ணிய கீறலில் காற்றுப் போகும். உருகிய ஈயம் தன் மேற்பரப்பு இழுவையாற் புகாது. அவ்வளவே மருந்து.

அச்சின் குறைகள் இரண்டும் பட்டறையிலேயே தீர்ந்தன. கையின் குறைகள் வீட்டில் எஞ்சின. அவற்றைத் திருத்துதலே கடினம். அவற்றிற்குக் காட்டுவதற்கு மேசையும் இல்லை, தேய்ப்பதற்குக் கல்லும் இல்லை. புதிய அச்சில் வெட்டெண்ணெயின் பற்று கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. சூடான ஈயம் படும்போது அது புகையாகி, ஈயத்திற்கும் உலோகத்திற்கும் இடையே திரையிட்டு, மேற்பரப்பைச் சுருங்கச் செய்தது. சவர்க்காரமும் வெந்நீரும் கொண்டு அச்சு கழுவப்பட்டது. ஈரம் ஒரு துளியும் எஞ்சாது உலர்த்தப்பட்டது. உருகிய ஈயத்தின் அடியிற் சிக்கும் நீர்த்துளி ஒரு கணத்தில் ஆவியாய் வெடித்து ஈயத்தை முகத்தில் இறைக்கும் என்பதை மாமனாரின் இடக்கையிலுள்ள பழைய தழும்புகள் சொல்லாமற் சொல்லின. பின்னர் அச்சு அடுப்பின் ஓரத்தில் இளஞ்சூடேறக் காத்திருந்தது. சூடேறுமுன் வார்த்த முதல் ஐந்து வார்ப்புகளும் குண்டுகள் அல்ல. அச்சுக்கு ஊட்டும் சூடு. அவற்றைச் சட்டியிலேயே திருப்பியிடுதல் வேண்டும், எண்ணிக்கையிற் சேர்த்தலாகாது.

தலைக்குழி, பொறுமையின்மையின் அடையாளம். குழி நிரம்பியதும் அகப்பையை எடுத்துவிட்டால், உள்ளே இறுகிச் சுருங்கும் ஈயத்திற்கு மேலிருந்து ஊட்ட எதுவும் இல்லை. வாய்க்கால் நிறைந்து சிறிது மேடுபடும்வரை ஊற்றவேண்டும்; மேலுள்ள ஈயம் மின்னல் மங்கி உறையும்வரை அச்சை அசைக்கலாகாது. இளைஞர் ஊற்றும்போது மாமனார் ஒவ்வொரு முறையும் மெல்லிய குரலில் ஒரு ஸலவாத் ஓதி முடிப்பார். அது முடிந்த பின்னரே அச்சைத் திறக்கலாம். கடிகாரம் இல்லாத தொழிலில் அதுவே கால அளவாயிற்று. துளைக்கம்பிகளை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் உருட்டிப் பார்த்து வளைந்தவற்றை நிமிர்த்தினர். விளக்குக் கரி பூசிச் செருகியதால் அவை ஒட்டாமற் கழன்றன.

மூன்றாம் நாள் வார்த்த நூறு குண்டுகளில் கழிந்தவை ஆறு. நிறைகள் 11½ கிராமுக்கும் 12½ கிராமுக்கும் இடையில் அடங்கின. முதல் வலை முடிந்த மாலையில் மாமனார் அதனைத் தோளிலிட்டு ஓடைக்கரையில் நின்று ஒருமுறை வீசினார். வலை வானத்தில் வட்டமாய் விரிந்து, வட்டமாகவே நீரில் விழுந்தது. குண்டுகள் நீரைத் தொட்ட ஓசை தனித்தனியாக அன்றி ஒரே ஓசையாகக் கேட்டது. அவர் மருமகனின் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்லா விழுது" என்று மட்டும் கூறினார். அவ்வீட்டில் அதற்குமேற் பாராட்டு வழங்கப்பட்டதில்லை.

இவ்விடத்தில் இவ்வரலாறு முடிந்திருப்பின் அது வெற்றியின் கதையாகவே நின்றிருக்கும். ஆனால் அடுத்த வாரம் குழந்தையின் நிறையைப் பார்க்கக் குடும்பநல உத்தியோகத்தர் வந்தார். எட்டு மாதக் குழந்தை. தவழத் தொடங்கிய பருவம். நிறை அட்டையிலே கோடு சரியாகவே ஏறியிருந்தது. தாய் மகிழ்ந்தாள். உத்தியோகத்தரின் கண்கள் குசினியின் மூலையிற் சென்று நின்றன. அங்கு ஈயச்சட்டி; அதன் அருகே வழித்தெறிந்த கசடு உலர்ந்து சாம்பல் நிறத் தூளாய்ச் சிதறியிருந்தது. தூளின்மேல் ஒரு சிறு உள்ளங்கையின் அடையாளம் பதிந்திருந்தது.

அவர் சினக்கவில்லை, விளக்கினார். இச்சூட்டில் ஈயத்திலிருந்து எழும் ஆவியினும், கசட்டுத் தூளும் கையிலும் உடையிலும் ஒட்டியதுமே வீட்டுக்குப் பெருந்தீங்கு. பெரியவர் உடல் ஏற்பதைப்போல் நான்கைந்து மடங்கு ஈயத்தைக் குழந்தையின் குடல் ஏற்கும். அது எலும்பிற் படியும். மூளையின் வளர்ச்சியைத் தடுக்கும். இரத்தத்தில் இவ்வளவு வரை இருந்தாற் பாதகமில்லை என்று கூறத்தக்க அளவு ஒன்றில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. பிள்ளை பால் குடிக்கும், சிரிக்கும், நிறையும் ஏறும். தராசு எதையும் காட்டாது.

இவ்வுண்மையை உலகம் மெல்லவே உணர்ந்தது. அன்னப் பறவைகள் தூண்டிற் குண்டுகளை விழுங்கி மடிவதைக் கண்டு, பிரித்தானியா 1987 இல் சிறிய ஈயத் தூண்டிற் குண்டுகளின் விற்பனையைத் தடுத்தது. மோட்டார் வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெற்றோல் விற்பது உலகின் இறுதி நாட்டிலும் நின்றது 2021 இலேதான். அன்னங்களுக்கும் நகரத்துக் காற்றுக்கும் சட்டம் வந்தது. குசினி மூலையிற் குண்டு வார்க்கும் வலைஞனுக்குச் சட்டம் வருவதில்லை. ஒருவர் வந்து சொல்லவேண்டியிருக்கிறது.

உத்தியோகத்தர் சென்ற பின் வீட்டில் நெடுநேரம் பேச்சில்லை. மருமகன் தலைகுனிந்திருந்தார். இக்குற்றத்தையும் தம் மேலேயே ஏற்றிக்கொண்டார் என்பது தெரிந்தது. மாமனாரே வாய் திறந்தார்.

"எங்கட வாப்பாவும் அடுப்படியிலதான் உருக்கினார். நானும் அதத்தான் செஞ்ச. உங்களுக்கும் அதத்தான் காட்டின. இது உங்கட கையிட குத்தம் இல்ல, மருமகன்."

சிறிது பொறுத்து மேலும் கூறினார்: "அச்சிட குத்தமும் இல்ல. இது இடத்திட குத்தம். இடத்த மாத்தினாத்தான் தீரும்."

எத்தனை தலைமுறையாக அக்குறை இடம் மாறாமல் நின்றது என்பதை எண்ணிப் பார்த்தவர்போல் அவர் அதன் பின் பேசவில்லை. சிரட்டைகளில் எண் எழுதி, இருநூறு குண்டுகளைப் பிரித்து, பட்டறையின் குறையையும் மருமகனின் குறையையும் தனித்தனியே கண்டு காட்டியவர் அவர். தம் காலடியில் இருந்த குறையைக் காட்டப் பிறர் ஒருவர் வரவேண்டியிருந்தது. குண்டில் விழும் குறையைக் குண்டு காட்டும். வார்ப்பவன் வீட்டில் விழும் குறையைக் குண்டு காட்டாது. அது மின்னலோடும் நிறையோடும் குற்றமற்றே பிறக்கும். தரமென்பது பொருளிலே மட்டும் பார்க்கப்படுமாயின் இம்மூன்றாவது குறை என்றும் கணக்கில் வராது.

மறுநாள் குசினி மூலை ஈரத்துணியால் மீண்டும் மீண்டும் துடைக்கப்பட்டது; துணி வீசப்பட்டது. வளவின் கடைசியில், வீட்டுக்குக் காற்றடியாத பக்கத்தில், தென்னோலைக் கூரையின் கீழ் மூன்று கல் வைத்துப் புதிய அடுப்பு அமைந்தது. சட்டியும் அகப்பையும் சமையலுக்கு மீளாதவாறு ஆணியில் தொங்கின. கசடு மூடியுள்ள தகரத்தில் சேர்ந்தது. கிணற்றடியிற் சவர்க்காரமும், கொடியில் ஒரு வேலைச் சாரமும் இடம்பெற்றன. குழந்தையின் இரத்தத்தைச் சோதிக்க வைத்தியசாலையிற் கேட்பதென்றும் முடிவாயிற்று.

இரண்டாம் வலைக்குரிய குண்டுகள் அங்கேதான் வார்க்கப்பட்டன. அந்தியில் வேலை முடித்து மருமகன் திரும்பியபோது, குழந்தை திண்ணையிலிருந்து கைகளை நீட்டியது. அவர் குனிந்தார்.

"சாரத்த மாத்திப்போட்டுத் தூக்குங்க, மருமகன்" என்றார் மாமனார்.

இளைஞர் நின்று, கிணற்றடிக்குத் திரும்பிப் போனார். குழந்தை அழுதது. மாமனார் அதனைத் தூக்க எழுந்தார். தம் கைகளைப் பார்த்தார். அவரும் கிணற்றடிக்கு நடந்தார்.